சிதம்பரம் விட்டுப்போன பட்டியல்

1. திங்கட்கிழமை போன்

புது இன்சூரன்ஸ் கார்டுகளை எல்லோருக்கும் கொடுத்து முடித்த மூன்றாவது வாரம். திங்கட்கிழமை காலை ரேவதி அக்காவிடமிருந்து போன் வந்தது.

"மதி, நீ குடுத்த கார்டு இங்க செல்லாதாம்மா."

"எங்கக்கா இருக்கீங்க?"

"சிதம்பரத்துல. டாக்டரம்மா நர்சிங் ஹோம்ல. பழைய கம்பெனி கார்டுன்னா ஓகேவாம், இது அவுங்க லிஸ்ட்லயே இல்லையாம். எனக்கு எட்டு முடியப் போவுது. இப்ப என்னா பண்றது?"

கடலூர் தொழிற்பேட்டையில் ஒரு காலணித் தொழிற்சாலையில் நான் ஹெச்.ஆர். அசிஸ்டென்ட். ரேவதி அக்கா எங்கள் தையல் பிரிவின் சூப்பர்வைசர். வளைகாப்பு முடிந்து, சிதம்பரத்துக்குப் பக்கத்தில் இருக்கும் அம்மா வீட்டுக்குப் போயிருந்தார். அவருடைய முதல் குழந்தை வயிற்றில் ஆறாம் மாதத்திலேயே தவறிவிட்டது. அதற்குப் பிறகுதான் சிதம்பரத்தில் இந்த டாக்டரம்மாவிடம் போக ஆரம்பித்தார். இந்த முறை கர்ப்பம் உறுதியானதிலிருந்து மாதாமாதம் கடலூரிலிருந்து பஸ் ஏறிப் போய் அவரிடமே காட்டி வந்தார். பிபி ஜாஸ்தி. வேறு யாரிடமும் வயிற்றைக் காட்ட மாட்டேன் என்பதில் உறுதியாக இருந்தார்.

"நான் பாத்துக்கிறேன்க்கா" என்றேன். எப்படிப் பார்க்கப் போகிறேன் என்று அப்போது எனக்கே தெரியாது.

2. தப்பு என்னுடையது

அரசின் இஎஸ்ஐ மருத்துவக் காப்பீட்டு வரம்பைத் தாண்டிய சம்பளக்காரர்களுக்கு எங்கள் நிறுவனம் குரூப் பாலிசி எடுக்கிறது. இந்த ஆண்டு இன்சூரன்ஸ் கம்பெனியை மாற்றினார்கள். புதுக் கம்பெனியின் நெட்வொர்க்கில், அதாவது பணம் கட்டாமல் கார்டைக் காட்டிச் சேரக்கூடிய ஆஸ்பத்திரிகளில், நம் ஆட்களுக்கு வேண்டியவை இருக்கின்றனவா என்று சரிபார்க்கும் வேலை என்னிடம் வந்தது.

சம்பளப் பதிவேட்டிலிருந்து எல்லோருடைய முகவரியையும் எடுத்தேன். பின்கோடு வாரியாகப் பிரித்தேன். கடலூர், நெல்லிக்குப்பம், பண்ருட்டி, குறிஞ்சிப்பாடி. ஒவ்வோர் ஊருக்கும் பக்கத்தில் இரண்டு ஆஸ்பத்திரியாவது இருக்கிறதா என்று பார்த்து, பச்சை நிறம் கொடுத்தேன். ஷீட் முழுக்கப் பச்சை. மேனேஜர் அதை டைரக்டருக்கே காட்டினார். அன்று வீட்டுக்குப் போகும்போது எனக்குத் தரையில் கால் பாவவில்லை.

பழைய பட்டியலில் சிதம்பரத்து நர்சிங் ஹோம் இருந்தது. புதியதில் இல்லாததை நான் கவனித்தேன். "சிதம்பரத்தில்தான் நம் ஆட்கள் யாரும் குடியில்லையே" என்று அந்த வரியை நானே அழித்தேன்.

எங்கள் தெருவில் எந்தப் பெண் புருஷன் வீட்டில் தலைப்பிரசவம் பார்த்தாள்? ஒருத்திகூட இல்லை. என் அக்காவுக்கு வளைகாப்பு முடிந்து, கட்டுச்சாதக் கூடையுடன் அவளை அழைத்து வரப் போனவர்களில் நானும் ஒருத்தி. அப்படியிருந்தும், பிள்ளை பெறுகிறவள் பதிவேட்டில் இருக்கும் முகவரியில்தான் பெறுவாள் என்று நினைத்து ஒரு பட்டியல் போட்டிருக்கிறேன்.

மேனேஜரிடம் சொன்னேன். பேப்பரிலிருந்து கண்ணை எடுக்காமல், "கடலூருக்கு வந்து சேந்துக்கச் சொல்லும்மா. ஒரு மணி நேரம்தான" என்றார்.

"சார், அந்த டாக்டரம்மாவ நம்பித்தான் அவுங்க தைரியமா இருக்காங்க. எட்டு மாசத்துல புது டாக்டர்கிட்ட போங்கன்னு எப்படிச் சொல்றது?"

"அப்ப முதல்ல பணம் கட்டட்டும். பில்லக் குடுத்தா ஒன்றரை மாசத்துல திரும்ப வந்துரும்."

"கையில கட்ட இருந்தா கார்டு எதுக்கு சார்?"

அப்போதுதான் நிமிர்ந்து பார்த்தார். "இப்ப என்னா பண்ணணுங்கற?"

"சனிக்கிழமை சிதம்பரம் போறேன் சார். ஆன் டியூட்டி போட்டுக் குடுங்க."

"பஸ் டிக்கெட்டும் கம்பெனி குடுக்கணுமா?"

"போகவும் குடுங்க, வரவும் குடுங்க."

சிரித்துக்கொண்டே கையெழுத்துப் போட்டார்.

3. சிதம்பரத்தில் நாலு பெயர்

புதுக் கம்பெனியின் வலைத்தளத்தில் சிதம்பரம் என்று போட்டால் நாலு பெயர் வந்தது. போவதற்கு முன் நாலுக்கும் போன் செய்தேன். ஒன்று கண் ஆஸ்பத்திரி. இன்னொன்று எலும்பு முறிவு. மூன்றாவது எண் எடுக்கவே இல்லை. நாலாவதில் எடுத்த பெண்ணிடம், "பிரசவம் பாக்குற டாக்டர் இருக்காங்களா?" என்று கேட்டேன். "இங்க கைனிக் டாக்டர் இல்லைங்க" என்று வைத்துவிட்டாள். நாலு பெயரையும் பேனாவால் அடித்தேன். இருந்தாலும் சனிக்கிழமை பஸ் ஏறினேன்.

பஸ் ஸ்டாண்டில் ஆட்டோக்காரரிடம் மூன்றாவது ஆஸ்பத்திரியின் பெயரைச் சொன்னேன்.

"அதுவா? அங்க இப்ப பாத்திரக் கடைம்மா. ஒடம்புக்கு என்னா?"

"எனக்கு ஒண்ணுமில்லண்ணே."

"அப்ப தாராளமா போலாம். ஆடித் தள்ளுபடி ஓடுது."

நாலாவது இடத்துக்கு விடச் சொன்னேன். மூன்று மாடி ஆஸ்பத்திரி. நுழைந்ததும் இடது பக்கம் இன்சூரன்ஸ் டெஸ்க். அங்கே ஒரு அக்கா, இரண்டு போன்களுக்கு நடுவில் டிபன் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

"பேஷண்ட் எங்க?"

"பேஷண்ட் வீட்ல இருக்காங்க. நான் அவுங்க கம்பெனியிலேர்ந்து வரேன்."

"கம்பெனியிலேர்ந்தா?" இட்லியை வைத்துவிட்டு என்னை ஏற இறங்கப் பார்த்தார். "ஏழு வருஷமா இங்க உக்காந்திருக்கேன். கம்பெனியிலேர்ந்து போன்தான் வரும், திட்டறதுக்கு. ஆள் வந்ததில்ல. உக்காருங்க."

ரேவதி அக்கா கதையைச் சொன்னேன். டாக்டரம்மாவின் பெயரையும் சொன்னேன்.

"அட, அவுங்களா? பிபி கேஸ், சிக்கலான கேஸ் எதையும் அவுங்க சொந்த நர்சிங் ஹோம்ல வச்சிக்கவே மாட்டாங்க. ரத்தம் வேணும், குழந்தைக்கு ஐசியூ வேணும்னு இங்கதான் அனுப்புவாங்க. அவுங்களே வந்து ஆபரேஷன் பண்ணிட்டுப் போவாங்க."

"போன்ல கைனிக் டாக்டர் இல்லன்னு சொன்னாங்களே?"

"இல்லதான். எங்க சம்பளத்துல யாரும் இல்ல. அவுங்க விசிட்டிங். நீங்க யாரு வந்து பாப்பாங்கன்னு கேட்டிருந்தா சொல்லியிருப்பாங்க."

ஆஸ்பத்திரி பெயரை வைத்தே தேடிக்கொண்டிருந்தேன். சின்ன ஊரில் ஆள் டாக்டரைத்தான் தேடிப் போகிறான். அந்த டாக்டர் காலையில் ஒரு கட்டடத்தில், மதியம் இன்னொரு கட்டடத்தில் இருப்பார். இந்த நடமாட்டம் எந்த வலைத்தளத்திலும் இல்லை.

"ப்ரீ-ஆத் ஃபார்ம் இப்பவே குடுங்கக்கா" என்றேன். ஆஸ்பத்திரியில் சேருவதற்கு முன்பே அனுமதி கேட்டு அனுப்பும் விண்ணப்பம் அது.

"டாக்டர் கையெழுத்து வேணுமே."

"வாங்கிட்டு வரேன்."

4. டோக்கன் நாற்பத்தொன்று

டாக்டரம்மாவின் நர்சிங் ஹோமில் எனக்கு நாற்பத்தொன்றாவது டோக்கன். கர்ப்பிணிகளுக்கு நடுவில் ஃபைலுடன் உட்கார்ந்திருந்தேன். பக்கத்தில் இருந்த அம்மா, "எத்தனாவது மாசம், ஒண்ணுமே தெரியல?" என்று கேட்டார். "ஃபார்ம்தாம்மா சுமக்கிறேன்" என்றேன்.

மூன்று மணி நேரம் கழித்து உள்ளே போனேன். டாக்டரம்மா ஃபார்மைப் பார்த்தார்.

"எங்க வச்சிப் பாக்கறதுன்னு நான் முப்பத்தேழாவது வாரந்தான் முடிவு பண்ணுவேன். இப்ப என்னா அவசரம்?"

"மேடம், நீங்க அன்னிக்கு முடிவு பண்ணலாம். இன்சூரன்ஸ் கம்பெனி அன்னிக்கு முடிவு பண்ணாது. பிபி திடீர்னு ஏறிட்டா ரேவதி அக்கா படுக்கையப் பாக்கறதா, பேப்பரத் தேடறதா?"

ஃபார்மைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். பிறகு பேனாவை எடுத்து ஒவ்வொரு கட்டமாக நிரப்பினார். பதிவு எண், எதிர்பார்க்கும் தேதி, எங்கே, எதனால். ஓர் இடத்திலும் "பிறகு" என்று விடவில்லை.

ஃபார்மை அன்றே டெஸ்க் அக்காவிடம் கொடுத்து அனுப்பவைத்தேன். திங்கட்கிழமை இன்சூரன்ஸ் கம்பெனியிலிருந்து கேள்வி வந்தது. இந்த டாக்டர் அந்த ஆஸ்பத்திரியின் பட்டியலில் இல்லையே, எப்படி? டெஸ்க் அக்காவுக்குப் போன் செய்தேன். விசிட்டிங் டாக்டர் என்று ஆஸ்பத்திரி ஒரு கடிதம் கொடுக்க வேண்டும். "எங்க ஆஸ்பத்திரி எம்.டி. கையெழுத்து வேணும், நாளைக்கு" என்றார். மறுநாள் காலை போன் செய்தேன். மதியம் செய்தேன். சாயங்காலம் நான் "வணக்கம்" சொல்வதற்குள், "அனுப்பிட்டேன்டியம்மா, சாமி, விடு" என்றார்.

வியாழக்கிழமை அனுமதி வந்தது. அதற்கு அடுத்த வாரம், டாக்டரம்மா சொன்ன தேதிக்குப் பன்னிரண்டு நாள் முன்னதாக, ரேவதி அக்காவுக்கு பிபி ஏறிவிட்டது. காலை ஒன்பது மணிக்கு அந்த மூன்று மாடி ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். நான் தொழிற்சாலையில் வருகைப் பதிவேட்டை முன்னால் வைத்துக்கொண்டு ஒரே வரியைத் திரும்பத் திரும்பப் படித்துக்கொண்டிருந்தேன். பதினொன்றே காலுக்கு அவருடைய கணவர் போன் செய்தார்.

"பொண்ணு. ரெண்டு பேரும் நல்லாருக்காங்க. வாசல்ல பேரச் சொன்னேன், நேரா உள்ள கூட்டிட்டுப் போயிட்டாங்க. யாரும் ஒண்ணும் கேக்கல, மதி. ஒரு வார்த்தை கேக்கல."

5. புதிய கட்டம்

எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். அப்பா கைநாட்டு. எட்டாவது படிக்கும்போதே ரேஷன் கார்டு, முதியோர் பென்ஷன், பேங்க் என்று தெருவே ஃபார்மைத் தூக்கிக்கொண்டு என்னிடம் வரும். அந்த வயதில், எதிரே இருப்பவரைக் கேட்காமல் ஓர் எழுத்து எழுதியதில்லை. பட்டம் வாங்கி, கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்த பிறகுதான், எண்பது சொச்சம் பேருக்கு ஒருவரையும் கேட்காமல் எழுதினேன். இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு என்னால் சொல்ல முடிந்தது இவ்வளவுதான்: பதிவேட்டைப் பாருங்கள், ஆனால் எழுந்து போய் ஆளையும் கேளுங்கள்.

பிறகு நான் ஒரு புது ஃபார்ம் போட்டேன். பெயர், முகவரிக்குக் கீழே ஒரு கேள்வி: "உடம்புக்கு முடியவில்லை என்றால் எந்த ஊருக்குப் போவீர்கள், எந்த டாக்டரிடம்?"

மேனேஜர் அதைப் படித்துவிட்டுச் சிரித்தார். "இன்சூரன்ஸ் ஃபார்ம்ல என்னம்மா ஊர்க்கதை? அவனவன் இருக்கற ஊர்லதான் பாப்பான்."

"நீங்களும் நிரப்பணும் சார். உங்களுக்கும் கார்டு இருக்கு."

பேனாவை எடுத்தார். பெயர் எழுதினார், கடலூர் முகவரியை எழுதினார். மூன்றாவது கட்டத்தில் பேனா நின்றது. ஜன்னல் பக்கம் கொஞ்சம் பார்த்துவிட்டு, குனிந்து எழுதி, ஃபார்மைக் கவிழ்த்து என் பக்கம் தள்ளினார்.

அவர் போன பிறகு திருப்பிப் பார்த்தேன். "மங்கலம்பேட்டை. மச்சான் வீடு. டாக்டர் பேர் கேட்டுச் சொல்கிறேன்" என்று இருந்தது.

மங்கலம்பேட்டையைப் பட்டியலில் சேர்த்தேன். இப்போதைக்கு அது சிவப்பு நிறத்தில் இருக்கிறது. சனிக்கிழமைக்கு ஆன் டியூட்டி கேட்டிருக்கிறேன்.