ரூபாவதி மேடத்தின் பெயரில் அந்த விருது வேண்டாம்

செவ்வாய்க்கிழமை காலை ஈஜிபுராவில் பால் வாங்கிக்கொண்டு திரும்பும்போது கைப்பேசி அடித்தது. நான் முன்பு வேலை பார்த்த கால் சென்டரின் மனிதவளப் பிரிவிலிருந்து ஒரு பெண் பேசினார். "ஹாய் சார்! குட் மார்னிங்! ஒரு சேட் நியூஸ் ஷேர் பண்ணத்தான் கால் பண்ணேன். நம்ம ரூபாவதி மேம் நேத்து ஈவினிங் ஹார்ட் அட்டாக்ல எக்ஸ்பயர் ஆயிட்டாங்க!"

பிறந்தநாள் வாழ்த்துச் சொல்கிற குரல். நான் நடைபாதையிலேயே நின்றுவிட்டேன். அவர் நிறுத்தவில்லை. மேடத்தின் நினைவாக நிறுவனம் ஆண்டுதோறும் ஒரு விருது கொடுக்கப் போகிறதாம். பெயர், புன்னகைக் குரல் விருது. அவரோடு வருடக்கணக்கில் வேலை செய்தவன் என்பதால் அதற்கு நான் சில வரிகள் எழுதித்தர வேண்டுமாம்.

எழுதுகிறேன். கேட்டவர்களுக்கு இது பிடிக்கப் போவதில்லை.

ரூபாவதி மேடம் மர்பி டவுன்காரர். வெளிநாட்டு வாடிக்கையாளர்களோடு தொலைபேசியில் பேசப் போகிறவர்களுக்கு ஆங்கில உச்சரிப்பும் தொனியும் பழக்குவது அவர் வேலை. என் வேலையும் அதுதான். இருவருக்கும் ஒரே பயிற்சி அறை. பளிச்சென்ற பருத்திச் சேலை, உரத்த குரல், மூக்கு நுனியில் கோபம். அவர் அடக்கமானவர் என்று இரங்கல் கூட்டத்தில் யாராவது சொன்னால் நம்பாதீர்கள். தன் வேலை தனக்கு நன்றாகத் தெரியும் என்பதை ஊரறியச் சொல்லிக்கொள்வார்.

நான் சேர்ந்த புதிதில் அமெரிக்கர்களைப் போல நாக்கை மடித்துப் பேச வகுப்பு எடுத்துக்கொண்டிருந்தேன். பின்வரிசையில் உட்கார்ந்து பார்த்தவர் எழுந்து வந்தார். "ஏம்பா, அந்தப் பசங்க நாக்க ஏன் இந்த முறுக்கு முறுக்குற? நாக்கு இன்னா ஈரத்துணியா?" என்றார். வகுப்பே சிரித்தது. எனக்குச் சுருக்கென்றிருந்தது, ஆனால் அவர் சொன்னது சரிதான். கடன் வாங்கிய உச்சரிப்பில் பேசினால் எதிர்முனையில் இருப்பவருக்குப் புரிவதும் இல்லை, நம்பிக்கை வருவதும் இல்லை.

மேடம் எழுத்து ஒலிகளை அவ்வளவாகப் பிடித்துத் தொங்கமாட்டார். ஆங்கில வாக்கியத்தில் எல்லாச் சொல்லுக்கும் ஒரே கனம் கிடையாது, ஒன்றிரண்டு சொற்களில்தான் அழுத்தம் விழும் என்பார். நாமோ ரேஷன் கடையில் அரிசி அளப்பதுபோல் ஒவ்வொரு சொல்லுக்கும் ஒரே அளவு போடுவோம். அழுத்தம் விழும் இடத்தில் மேசையைத் தட்டிக் காட்டுவார். பக்கத்து அறைக்காரர்கள் தினமும் வந்து சண்டை போடுவார்கள்.

இன்னொரு பயிற்சியும் வைத்திருந்தார். ஒருவரை வெளியே அனுப்பிக் கண்ணாடிக் கதவைச் சாத்திவிடுவார். வெளியே நிற்பவர் ஏதாவது ஓர் ஆங்கில வாக்கியத்தைப் பேச வேண்டும். உள்ளே சொல் எதுவும் பிடிபடாது, குரல் ஏறுவதும் இறங்குவதும் மட்டும் கேட்கும். அதை வைத்துக் கேள்வியா, கோபமா, மன்னிப்பா என்று சொல்ல வேண்டும். ஸ்ரீராம்புரத்திலிருந்து வந்த கவிதா என்ற பெண் ஒருநாள் கதவுக்கு வெளியே நின்று மன்னிப்புக் கேட்டாள். உள்ளே இருந்தவர்கள், "ஐஸ்கிரீம் விக்கிறா மேடம்" என்றார்கள்.

மேடம் சிரிக்கவில்லை. கவிதாவை உள்ளே கூப்பிட்டு, "உங்க தெருவுல ஒரு சாவு வூட்டுக்குப் போனா எப்படிம்மா பேசுவ? அந்தக் குரல எடுத்துட்டு வா. இங்கிலீஷ நான் அதுல மாட்டி வுடுறேன்" என்றார். அந்த வாரம் முழுக்க அவளைத் தன் பக்கத்திலேயே வைத்துக்கொண்டார். மெதுவாக ஆரம்பித்து, முக்கியமான சொல்லில் நின்று, குரலைக் கீழே இறக்கி முடிக்க வேண்டும். கவிதாவுக்கு அது வந்துவிட்டது.

இந்தத் தொழிலை அறியாதவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். எங்கள் மதிப்பெண் முறையில் 'தாய்மொழித் தாக்கம்' என்று ஒரு குற்றம் உண்டு. ஏதோ மஞ்சள்காமாலை தாக்கிய மாதிரி. பேச்சில் தமிழோ கன்னடமோ எட்டிப் பார்த்தால் மதிப்பெண் குறையும். 'குரலில் புன்னகை' என்று ஒரு விதியும் உண்டு. அழைப்பு எதுவானாலும் பல் தெரியச் சிரித்துக்கொண்டே பேச வேண்டும். அந்தச் சிரிப்பு குரலில் கேட்குமாம்.

ஒருநாள் கவிதாவுக்கு ஓர் அழைப்பு வந்தது. கணவர் இறந்துவிட்டார், அவர் பெயரிலிருக்கும் தொலைபேசி இணைப்பைத் துண்டிக்க வேண்டும் என்றார் ஒரு வயதான அம்மாள். கவிதா தணிந்த குரலில், "ஐ ஆம் ஸோ சாரி, மேம்" என்றாள். அந்த அம்மாள் அழுதார். அழுது முடிக்கும்வரை காத்திருந்து வேலையை முடித்துக்கொடுத்தாள். நல்லா இரு மகளே என்கிற மாதிரி ஏதோ சொல்லி அந்த அம்மாள் வைத்தார். பதிவை நானும் கேட்டேன்.

அழைப்புகளைக் கேட்டு மதிப்பெண் போடும் தரப்பிரிவு அந்த அழைப்புக்குத் தோல்வி போட்டது. புன்னகை இல்லை, தாய்மொழித் தாக்கம் அதிகம் என்று காரணம் எழுதியிருந்தார்கள். கவிதா பேச்சுப் பணிக்கே லாயக்கில்லை என்று பயிற்சியாளரான மேடமும் ஒப்புதல் தர வேண்டும் என்றார்கள்.

கூட்டத்தில் நானும் இருந்தேன். மேலாளர் சொன்னார்: "ரூல் ரூல்தான் மேடம். எல்லா காலும் ஸ்மைல்ல ஓபன் ஆகணும், ஸ்மைல்ல க்ளோஸ் ஆகணும்."

"உங்க வூட்ல ஒரு எழவு வுழுந்துச்சுன்னா, பக்கத்து வூட்டுக்காரன் பல்ல இளிச்சிக்கினு வந்து நின்னா உள்ள வுடுவீங்களா சார்?"

"மேடம், பர்சனலா எடுத்துக்காதீங்க."

"பர்சனல்தான் சார். நான் சொல்லிக் குடுத்தத்தான் அவ செஞ்சா. ஃபெயில் போடணும்னா எனக்குப் போடுங்க."

போட்டார்கள். அவருடைய ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கவில்லை. கவிதாவை எழுத்து உரையாடல் பிரிவுக்கு மாற்றினார்கள். அந்தத் தளத்திலேயே நன்றாகப் பேசத் தெரிந்தவளை வாயை மூடித் தட்டச்சு செய்ய உட்கார வைத்தவர்களை நான் இன்றுவரை மன்னிக்கவில்லை.

மேடம் அதன்பிறகு மர்பி டவுன் வீட்டின் முன்னறையில் வகுப்பு வைத்தார். வெளிநாடு போகும் நர்சுகள், கன்டோன்மென்ட் ஓட்டல்களில் வேலை பார்ப்பவர்கள் என்று வந்துகொண்டே இருந்தார்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் நானும் போவேன். பழைய அலுவலகத்தைப் பற்றி நான் திட்ட ஆரம்பித்தால், "வுடுப்பா பேஜாரு. டீ ஆறுது" என்பார். அவருக்கு ஆறியதா என்று எனக்குத் தெரியாது. எனக்கு ஆறவில்லை.

செவ்வாய் பிற்பகல் மேடத்தின் வீட்டுச் சந்து நிறைய ஆட்கள். உள்ளே புத்தர் படத்தின் கீழே மேடத்தைக் கிடத்தியிருந்தார்கள். அவர் தங்கை லீலா தலைமாட்டில் உட்கார்ந்திருந்தார். அப்போது அந்த மேலாளர் பெரிய மலர்வளையத்தோடு வந்தார். அதன் குறுக்கே ஒரு ரிப்பன். புன்னகைக் குரலின் அரசிக்கு என்று ஆங்கிலத்தில் தங்க எழுத்து. லீலாம்மாவுக்கு ஆங்கிலம் படிக்க வராது. யாரோ பெரிய மனிதர் என்று எழுந்து கும்பிட்டார்.

நான் எழுவதற்குள் கவிதா வாசலுக்குப் போய்விட்டாள். வேலையிலிருந்து பாதியில் வந்திருக்கிறாள், அந்த நிறுவனத்தின் அடையாள அட்டை கழுத்தில் அப்படியே தொங்கியது.

"சார், இத உள்ள வெக்காதீங்க. எடுத்துட்டுப் போங்க. அந்த அவார்டுக்கும் அவங்க பேரு வேணாம்."

"கவிதா, திஸ் இஸ் நாட் த பிளேஸ். மன்டே கேபின்ல பேசலாம்."

"பேசலாம் சார். பேசத்தான் மேடம் சொல்லிக் குடுத்திருக்காங்க."

அவள் குரல் உயரவில்லை. மேலாளர் சுற்றிலும் பார்த்தார். உள்ளே போக ஒருவரும் அவருக்கு வழிவிடவில்லை. மலர்வளையத்தைத் தூக்கிக்கொண்டு காருக்குத் திரும்பினார். கவிதாவின் வேலை திங்கட்கிழமைக்குப் பிறகு இருக்குமா என்று தெரியவில்லை. அவளும் அதை யோசித்துவிட்டுத்தான் வாசலுக்குப் போயிருப்பாள்.

மேடம், உங்களை அழுதுதான் அனுப்பினோம். லீலாம்மா அழுதார், கவிதா அழுதாள், நானும் வெட்கப்படாமல் அழுதேன். சிரித்த குரலோடு வந்தவரை வாசலிலேயே நிறுத்திவிட்டோம். நிம்மதியாகப் போய் வாருங்கள்.