மெழுகுப் பொட்டு

பதினான்காவது உறை மஹ்ஃபூசாவின் கையை விட்டுப் போனது மார்ச் மாத முதல் திங்கட்கிழமை. ஜப்பானின் கவாகுச்சி ரயிலடித் தபால்பெட்டியில் போட்டவள், உள்ளே விழுந்த சத்தம் கேட்கிறதா என்று காதைச் சாய்த்தாள். தபால்பெட்டியைக்கூட அவள் நம்புவதில்லை.

உறைக்குள் இரண்டு தாள்கள். முதலாவதில் முக்காடிட்ட அவள் புகைப்படம். இரண்டாவதில், வங்கதேசத்தின் குல்னாவில் ஒரு பட்டறையில் ஒன்பது வருடம் பல்செட் செய்த விவரம். எல்லாம் கையால் எழுதியது; ஓர் எழுத்து பிசகினாலும் முதலிலிருந்து தொடங்குவாள். கடைசியாக, பல்செட் மெழுகில் கடுகளவு கிள்ளி, இரண்டு தாள்களையும் ஒரு மூலையில் ஒட்டிவிடுவாள். இந்த ஊரில் ஆள் வேண்டாமென்றால் விண்ணப்பத்தை மரியாதையாகத் திருப்பி அனுப்புவார்கள். வந்ததும் அவள் பார்ப்பது கடிதத்தையல்ல, மூலையை. திரும்பிய பதின்மூன்றில் பதினொன்றுக்கு மெழுகு உடையவேயில்லை.

"படத்தோட நின்னுட்டாங்க. பக்கத்தைத் திருப்பக்கூட கை வரல."

கீழ்வீட்டுச் சலவைக்கடைக்காரி ஹிசாயோவுக்கு இது வேடிக்கை. "மஹ்ஃபூசா சான், நீ வேலை தேடுறியா, துப்பு துலக்குறியா?"

"சிரிக்காதீங்க ஹிசாயோ சான், உங்க மேல்பல் செட்டு இறங்குது. கட்டினவன் அவசரக்காரன்."

யாரைப் பார்த்தாலும் முதலில் வாயைத்தான் பார்ப்பாள். கை சும்மாயிருந்து மூன்று வருடம். வேலை மறந்துவிடுமோ என்று பயந்து சோப்பில் கடைவாய்ப்பல் செதுக்குவாள். அவள் குளியலறையில் முழு சோப்பு கிடையாது.

ஒருமுறை ஒரு பட்டறைக்குப் போன் செய்தபோது "ஆள் எடுத்தாச்சு" என்றார்கள். பத்தே நிமிடத்தில் ஹிசாயோவை அதே எண்ணுக்குப் பேசவைத்தாள்.

"அறுபத்தாறு வயசு, கண்ணும் மங்கல்னேன். பரவால்ல, நாளைக்கே வாங்கங்கறான்!" ஹிசாயோ அன்று சிரிக்கவில்லை.

"இன்னொரு இடத்துல, முக்காட்டைப் பாத்தா வாடிக்கையாளருங்க சங்கடப்படுவாங்களாம். பின்கட்டுல பல்லு தேய்க்கிறவளை யாரு வந்து பாக்கப்போறா?" என்றாள் மஹ்ஃபூசா.

பதினான்காவது உறை திரும்பி வரவேயில்லை. குப்பைக்குப் போயிருக்கும் என்று முடிவு கட்டினாள்.

ஜூலையில் ஒரு மத்தியானம், சலவைக்கடையில் நிற்கும்போது கைபேசியில் செய்தி வந்தது. ஹிசாயோ கண்ணாடியை மாட்டிக்கொண்டு உரக்கப் படித்தாள்: "மார்ச்சில் வந்த உங்கள் விண்ணப்பத்தின் மூலையில் இருந்த மெழுகு எதற்கென்று புரிந்தது. நானும் பல் கட்டுகிறவன். அதை உடைத்து இரண்டாம் தாளையும் படித்தேன். என் உதவியாளர் இந்த மாதத்தோடு நிற்கிறார். திங்கள் காலை பத்து மணிக்கு வர முடியுமா?"

"அப்புறம் என்னடி!" ஹிசாயோ கைதட்டினாள்.

"முக்காட்டைப் பத்தி ஒண்ணுமே சொல்லலையே."

மஹ்ஃபூசா கைபேசியை வாங்கிச் செய்தியை இன்னும் மூன்று முறை படித்தாள். பிறகு கடைத் தொலைபேசியில் அந்த எண்ணை அழுத்தி, ரிசீவரை ஹிசாயோவின் காதில் வைத்தாள். "வேலை கேளுங்க. ஆள் எடுத்தாச்சுங்கறானான்னு பாப்போம்."