சரக்கறைக்குள் கேட்ட சத்தம்

எண்பதுகளில் மதுரை விமான நிலையத்தில் மூட்டை ஏற்றும் வேலை பார்த்தேன். இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் அது பட்டாளத்து விமானத் தளம். அங்கே செத்த வெள்ளைக்கார விமானி இன்னமும் ஆவியாக வந்து விமானத்தை மூன்று தடவை தட்டுவான் என்று, டீ குடிக்கும்போது பைலட்டுகளும் எங்களோடு உட்கார்ந்து கதை விடுவார்கள்.

ஒரு மத்தியானம் விமானத்தின் சரக்கறையைப் பூட்டிவிட்டு இறங்கினேன். உள்ளே மூன்று தடவை தட்டும் சத்தம் கேட்டது. சொன்னால் கேலி செய்வார்களே என்று பேசாமல் நின்றேன். இன்ஜின் கிளம்பியதும் மனசு பொறுக்காமல் இரண்டு கையையும் ஆட்டி நிறுத்தச் சொன்னேன்.

திறந்தால், மூட்டைகளுக்கு நடுவே கூட்டாளி முத்து தூங்கிக்கொண்டிருந்தான். உலுக்கி எழுப்பினேன்.

"நல்லவேளை தட்டுன மாப்ள!"

"நான் எங்கடா தட்டுனேன்? நீ எழுப்புற வரைக்கும் அசந்து கெடந்தேன்."

கதை விட்ட பைலட்டுக்கே முகம் வெளிறிவிட்டது.

தட்டியது யாராக இருந்தாலும் கும்பிட்டுக்கொள்கிறேன். உள்ளே பார்க்காமல் பூட்டியதும், கேலிக்குப் பயந்து சும்மா நின்றதும் நான்தான்.