திங்கட்கிழமை பூட்டிய அரண்மனை

எழுபதுகளின் நடுவில், நான் புலம்பெயர்ந்து வந்த டண்டினொங் நகரில் ஒரு சிறிய டிராவல் ஏஜென்சியில் டிக்கெட் கிளார்க்காக இருந்தேன். ஒரு திங்கட்கிழமை, கந்தோர் பூட்டும் நேரத்தில் ஜெர்மனியிலிருந்து தொலைபேசி வந்தது. பேசியவர் ஜோசப் அங்கிள்.

அங்கிள் பக்கத்து ஊரான நோபல் பார்க்கில் இருந்த யாழ்ப்பாணத்துக் கத்தோலிக்கர். தொழிற்சாலை ஒன்றில் டிராஃப்ட்ஸ்மனாக வரைபடம் வரைந்தவர். கண் நரம்பு பழுதாகிக்கொண்டு வந்தது. இன்னும் ஒரு வருடம்தான் பார்வை என்று டொக்டர் சொல்லியிருந்தார். அதற்குள் தென் ஜெர்மனியின் பழைய நகரம் ஒன்றில், அரண்மனைப் படிக்கட்டுக்கு மேலே கூரை முழுக்கத் தீட்டிய ஓவியத்தைப் பார்த்துவிட ஆசைப்பட்டார். மனைவி ரூபி அன்ரிக்கு ரோம். புதன்கிழமை பாப்பரசர் மக்களைச் சந்திக்கும்போது அந்தக் கூட்டத்தில் நிற்க வேண்டும். இரண்டுக்கும் சேர்த்து, எந்த நாள் எங்கே என்று ஐட்டினறி போட்டது நான்.

“பிள்ளை, அரண்மனை பூட்டிக் கிடக்கு. நாளைக்கு ஒன்பது மணிக்குத்தான் திறப்பினமாம். எங்களுக்கு விடிய ஆறு மணிக்கு ரயில்.”

பிழை எங்கே என்று உடனே தெரிந்தது. நான் சைவக்காரி. கோயிலைப் பூசை நேரத்தில்தான் பார்க்க வேண்டும், மத்தியானம் பூட்டிவிடுவார்கள் என்று வளர்ந்தவள். அதே நினைப்பில் ஞாயிறு முழுவதையும் தேவாலயங்களுக்குக் கொடுத்து, அரண்மனையையும் மியூசியத்தையும் திங்களுக்குத் தள்ளியிருந்தேன். ஆராதனை நேரத்தில் தேவாலயங்களைச் சுற்றிப் பார்க்க விடவில்லையாம். திங்கட்கிழமை மற்றவை திறப்பதில்லை. ஒரு வரி எழுதி விசாரித்திருந்தால் தெரிந்திருக்கும்.

டைம்டேபிளைப் புரட்டினேன். “நாளைக்கு நிண்டால் ரோம் பிளைட் தவறும் அங்கிள். அடுத்தது வியாழக்கிழமை.”

“அப்ப விடு பிள்ளை. ரோம் அவவின்ரை ஆசை. நாங்கள் வெளிக்கிடுறம்.”

ரிசீவர் கை மாறிய சத்தம் கேட்டது. அன்ரி பேசினார். “டிக்கெட்டை மாத்து. பாப்பரசர் அடுத்த புதனும் வருவார். இவருக்கு இந்தக் கண் திரும்பி வராது.”

கந்தோரிலேயே இருந்து டெலெக்ஸ் அடித்து எல்லாவற்றையும் மாற்றினேன். என் பிழை என்று மட்டும் சொல்லவில்லை.

அவர்கள் திரும்பி வந்ததும் நோபல் பார்க்குக்குப் போய்ச் சொன்னேன். “பிழை என்ரை அன்ரி. திங்கட்கிழமை எப்பவும் பூட்டுத்தானாம். நான் விசாரிக்கேல்லை.”

“அடுத்த புதனுக்கு முதல் திரும்ப வேண்டி வந்திட்டுது. பாப்பரசரைக் காணாதது எனக்குக் கவலைதான். இல்லையெண்டு பொய் சொல்ல மாட்டன்,” என்றார் அன்ரி. பிறகு குசினிப் பக்கம் பார்த்தார். அங்கிள் சுவரைத் தடவித் தடவி வந்துகொண்டிருந்தார்.

“ஒரு வருஷமா என்ரை கையைப் பிடிச்சுத்தான் நடக்கிறவர். அந்தப் படியிலை ஏறி அண்ணாந்து பாத்தவுடனை கையை விட்டிட்டார். ரெண்டு மணித்தியாலம் நான் அங்கை நிண்டதே அவருக்குத் தெரியேல்லை.”

எனக்கு அழுகை வந்துவிட்டது. அன்ரி தேத்தண்ணியை என் பக்கம் தள்ளி வைத்தார்.

அதன்பின் வேலையில் இருந்த காலம் முழுவதும், எத்தனை நாள் பயணம் என்று யாரிடமும் முதலில் கேட்டதில்லை. எதைப் பார்க்காமல் வந்தால் மனம் ஆறாது என்று கேட்பேன். அது எந்த நாளில் பூட்டு என்று எழுதி விசாரிப்பேன். பதில் வந்த பிறகுதான் டிக்கெட் எழுதுவேன்.