பென்டிரைவும் மீதி வைத்த கதையும்

நான் பள்ளிக்கூடம் போனவன் இல்லை. நான் சொல்லச் சொல்ல என் மகள் எழுதுகிறாள். நடுவில் வேறு எங்காவது போய்விடுவேன். "அப்பா, விஷயத்துக்கு வாங்க" என்பாள். வருகிறேன். மெதுவாகத்தான் வருவேன்.

விஷயம், என் மனைவியின் லேப்டாப். அவள் குரோம்பேட்டையில் சின்னப் பிள்ளைகளுக்கு டீச்சர். கொரோனா வந்து பள்ளிக்கூடத்தை மூடியபோது வீட்டிலிருந்து பாடம் நடத்த அதை வாங்கினாள். அஸ்தினாபுரத்தில் எங்கள் வீடு ஒரே கூடம்தான். கட்டிலுக்கும் அடுப்புக்கும் நடுவே உட்கார்ந்துகொண்டு, "கண்ணுங்களா, டீச்சர் பேசுறது கேக்குதா?" என்று கத்துவாள். தெருமுனை வரை கேட்கும்.

எனக்கு எழுத்து தெரியாது என்பது கல்யாணத்துக்கு முன்பே அவளுக்குத் தெரியும். நான் மறைமலை நகரில் கார் பாகங்களுக்கு பெயின்ட் அடிக்கிற வேலையில் இருந்தேன். காலை ரயிலில் யாராவது பேப்பரை வாய்விட்டுப் படித்தால் அவர் பக்கத்தில் போய் ஒட்டிக்கொள்வேன். கொலைக் கேஸ் செய்தி ஒன்று நன்றாகப் போய்க்கொண்டிருக்கும்போது அவர் கூடுவாஞ்சேரியில் இறங்கிவிடுவார். கொன்றது யார் என்று தெரியாமலே அன்று முழுக்க பெயின்ட் அடிப்பேன். இதை அவளிடம் சொன்னபோது அப்படிச் சிரித்தாள். அன்றிலிருந்து சாயங்காலமானால் எனக்குப் படித்துச் சொல்வாள். பேப்பர் முடிந்தால் வாரப் பத்திரிகையில் வருகிற தொடர்கதை.

உடம்புக்கு முடியாமல் போய் அவள் ஆஸ்பத்திரிக்கும் வீட்டுக்கும் அலைய ஆரம்பித்த பிறகு, நான் சாயங்காலங்களில் சும்மா உட்கார்ந்திருப்பேனே என்று கவலைப்பட்டாள். காணாமல் போன அண்ணனைத் தேடி ஊர் ஊராகப் போகிற ஒரு பெண்ணின் தொடர்கதையை வாரா வாரம் கிழித்துத் தைத்து வைத்திருந்தாள். உடம்பு தேவலையாக இருக்கிற நாட்களில் அதை லேப்டாப் முன்னால் உட்கார்ந்து படித்துப் பதிவு செய்தாள். திரையில் எந்த மஞ்சள் பெட்டியைத் தொட வேண்டும் என்று எனக்குக் காட்டித் தந்தாள். கதைக்கு நடுவே குக்கர் விசில் கேட்கும். விமானம் போகும். "ஏங்க, தூங்கிடாதீங்க. இனிமேதான் கதையே இருக்கு" என்று என்னைத் திட்டுவாள்.

அவள் போன பிறகு தினம் கொஞ்சம் கேட்டேன். பிறகு தினமும் கேட்பதை விட்டேன். கேட்டால் தீர்ந்துவிடும் அல்லவா? ஞாயிற்றுக்கிழமை மட்டும் என்று வைத்துக்கொண்டேன். அந்தப் பெண் ஒரு பேருந்து நிலையத்தில் அண்ணன் மாதிரி ஒருவனைப் பார்க்கிறாள். அங்கே நிறுத்தினேன். அடுத்த ஞாயிறு லேப்டாப் திறக்கவில்லை. நீலமாக ஒரு பக்கம் வந்தது, அணைந்தது, மறுபடி அதே நீலம்.

கடையில் கொடுத்தோம். "ஃபுல்லா அழிச்சிட்டு புதுசா போட்டுத் தர்றேன் சார்" என்றார்கள். பிடுங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

என் மகள் ஆபீஸில் விசாரித்துவிட்டு வந்தாள். நல்ல கம்ப்யூட்டர் ஒன்றில் ஒரு பென்டிரைவைத் தயார் செய்ய வேண்டுமாம். அதைச் செருகினால் படுத்துக் கிடக்கிற லேப்டாப் பென்டிரைவைப் பிடித்துக்கொண்டு எழுந்து வருமாம். உள்ளே இருப்பது அழியாதாம்.

கம்ப்யூட்டரும் பென்டிரைவும் கீழ்வீட்டு பாயிடம் இருந்தன. அவருக்கு ராதா நகரில் திரைச்சீலைத் துணிக்கடை. பில் போடுகிற லேப்டாப்பை எடுத்துக்கொண்டு வந்தார். பென்டிரைவை வேனில் பாட்டு கேட்க வைத்திருந்தார்.

"மாமா, இதுல இருக்கிற பாட்டெல்லாம் போயிடும்" என்றாள் மகள்.

"போனா போவுது. அல்லாம் எனக்கு மனப்பாடமா கீது. நீ போடும்மா."

தடங்கல் நெட்டில் வந்தது. எங்கள் இரண்டு வீட்டிலும் கம்பி இழுத்த நெட் கிடையாது. செல்போனில் ஒரு நாளைக்கு இவ்வளவு என்று வருவதுதான். இறக்க வேண்டிய ஃபைலோ யானை. மகளின் போனில் இருந்த நெட் தும்பிக்கைக்கே போதவில்லை. பாய் தன் போனைக் கொடுத்தார். அதுவும் தீர்ந்தது. பிறகு மாடி வீட்டு அக்கா இறங்கி வந்தாள்.

"டீச்சர் குரலுக்கா? இந்தா, என்னுதையும் எடுத்துக்கோ. இன்னிக்கி ஒரு நாள் சீரியல் பாக்கலன்னா குடி முழுகிடாது."

"சக்கரை கடன் வாங்குவாங்கோ, காபித்தூள் வாங்குவாங்கோ. நெட்டு கடன் வாங்கற தெரு நம்மளுதுதாண்ணா" என்றார் பாய்.

பாதி வந்திருக்கும்போது அக்காவுக்கு அவள் நாத்தனாரிடமிருந்து போன் வந்தது. இறங்கிக்கொண்டிருந்தது அறுந்து, முதலிலிருந்து ஆரம்பித்தது. "அவ எப்பவுமே இப்டித்தான், நல்ல காரியம் நடந்தா மூக்கை நுழைப்பா" என்று அக்கா தலையில் அடித்துக்கொண்டாள். மறுநாள் எல்லோரும் போனை மேசைமேல் வைத்துவிட்டு, யாரும் யாரோடும் பேசாமல் உட்கார்ந்திருந்தோம். ஒன்று தீர்ந்தால் அடுத்தது. ஒருவழியாக முழுதும் இறங்கி, பென்டிரைவில் ஏறியது.

செருகி, மகள் ஏதோ ஒரு பட்டனைத் தட்டிக்கொண்டே இருந்தாள். புதுசாக ஒரு பக்கம் வந்தது. பாய் கை தட்டினார். நான் பழக்கதோஷத்தில் கட்டிலில் என் இடத்தில் போய் உட்கார்ந்துகொண்டேன். கதை கேட்கிற இடம்.

மகள் என் பக்கம் திரும்பவே இல்லை. "அப்பா, இது ஒரு பெரிய நம்பர் கேக்குது. பூட்டு மாதிரி. அந்த நம்பர் அம்மாவோட அக்கவுன்ட்ல இருக்கும். அதைத் திறக்க அம்மா போனுக்கு ஓடிபி அனுப்பும். அம்மா போன் எங்க?"

எனக்கு சந்தோஷம் தாங்கவில்லை. அவள் போனை நான் பீரோவில் பத்திரமாக வைத்திருந்தேன். தினமும் சாயங்காலம் சார்ஜ் போடுவேன். அணைய விட்டதே இல்லை. எடுத்து நீட்டினேன். மகள் பார்த்தாள்.

"சிக்னலே இல்லப்பா. இதுக்குப் பணம் கட்டலையா?"

"தினம் சார்ஜ் போடறேனேம்மா."

பாய் தரையைப் பார்த்தார். பணம் கட்டாமல் விட்டால் நம்பரை வேறு ஆளுக்குக் கொடுத்துவிடுவார்கள் என்று மகள்தான் பிறகு மெதுவாகச் சொன்னாள்.

தன் போனிலிருந்து அந்த நம்பருக்கு அடித்தாள். எல்லோருக்கும் கேட்கிற மாதிரி வைத்தாள். ஒரு பெண் எடுத்தாள். என் மனைவி நம்பரில் வேறு ஒரு பெண் குரல். மகள் நடந்ததைச் சொல்லி, இப்போது ஒரு ஓடிபி வரும், அதை மட்டும் சொல்லுங்கள் என்றாள்.

"ஓடிபிலாம் சொல்லக்கூடாதும்மா. எங்க வூட்ல திட்டுவாங்க."

நான் போனை வாங்கினேன். "அம்மா, இது என் சம்சாரத்தோட நம்பர். அவங்க டீச்சர்."

"டீச்சரா? எப்பனா யாராவது போன் பண்ணி டீச்சர் கீறாங்களானு கேப்பாங்கோ. ராங் நம்பர்னு வெச்சிடுவேன். அவங்களுக்கு இன்னா ஆச்சு?"

"போயிட்டாங்கம்மா. அவங்க பேசினது கம்ப்யூட்டர் உள்ள இருக்கு. அதான்..."

"அய்யோ. இருங்க பெரியவரே, பாக்கறேன். ஏதோ மெசேஜ் வந்து கீது..."

பின்னால் ஒரு ஆண் குரல் வந்தது. "யார்டீ அது? ஓடிபி கேக்கறானா? செத்துட்டாங்கன்னு சொன்னா நம்பிடுவியா? இப்டித்தான் பேங்க் பணத்தை அல்லாம் உருவிடுவானுங்கோ. கட் பண்ணு!"

அதோடு போன் வைக்கப்பட்டது. மகள் திரும்பத் திரும்ப அடித்தாள். போகவில்லை. பாய் தன் போனிலிருந்து அடித்தார். அந்த ஆள் எடுத்து, போலீஸில் சொல்லிவிடுவேன் என்றான். அதன் பிறகு பாயின் போனும் போகவில்லை.

"போலீஸாம் போலீஸ். எந்த ஏரியான்னு மட்டும் தெரியட்டும், நேரா போய் வாசல்ல நிக்கறேன்" என்று பாய் குதித்தார். எங்கே என்று யாருக்குத் தெரியும்.

எனக்கு அந்த ஆள் மேல் கோபம் வரவில்லை. ஒரு தடவை, பேங்கிலிருந்து பேசுகிறேன் என்று ஒருவன் எனக்கு போன் செய்து நம்பர் கேட்டான். என் கையிலிருந்து போனைப் பிடுங்கி, வகுப்பில் அதட்டுகிற குரலில் அவனை ஒரு பிடி பிடித்து வைத்தவள் என் மனைவி. "யார் அழுதுகிட்டு கேட்டாலும் சொல்லாதீங்க" என்று என்னிடம் சத்தியம் வாங்கினாள். அந்த வீட்டில் அவளே இருந்திருந்தாலும் கட் செய்திருப்பாள்.

தைத்து வைத்த காகிதங்கள் பீரோவில்தான் இருக்கின்றன. "மீதிக் கதைய நான் படிக்கிறேன்பா" என்று மகள் எடுத்துக்கொண்டு வந்தாள். பேருந்து நிலையம் வரை வந்த பக்கத்தைத் தேடினாள். வேண்டாம் என்றேன். அவன் அண்ணன்தானா இல்லையா என்று எனக்கு இன்னும் தெரியாது.

பென்டிரைவைத் திருப்பிக் கொடுத்தேன். பாய் வாங்கவில்லை. "வெச்சுக்கோண்ணா. எப்பனா ஓடிபி கெடைச்சா வேணும்ல" என்றார். பீரோவில் அவள் போன் பக்கத்தில் இருக்கிறது. பீரோவைத் திறக்கிற கையோடு இப்போதும் அந்தப் போனுக்கு சார்ஜ் போட்டுவிடுகிறேன். மகள் பார்க்கிறாள்.