மற்றவை: 1,612

நகராட்சியின் சாலைப் பிரிவில் அவளை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. அஞ்சுகோடு அக்கா என்றால்தான் தெரியும். சாலையில் போகிற வண்டிகளை எண்ணுவது அவள் வேலை. நான்கு கோடு நிமிர்த்திப் போட்டு, ஐந்தாவதைக் குறுக்கே இழுத்தால் ஒரு கட்டு. அப்படிக் கட்டுக் கட்டாகப் பத்தொன்பது வருஷம் அந்த ஊர் வண்டிகளை எல்லாம் தாளில் இறக்கி வைத்தவள். எந்த முனையில் சிக்னல் வேண்டும், எந்தத் தெருவை ஒருவழியாக்கலாம், பஸ் எங்கே நிற்கலாம் என்று மாடியில் உட்கார்ந்து முடிவு செய்கிறவர்கள் எல்லாரும் அவள் போட்ட கோட்டைப் பார்த்துத்தான் முடிவு செய்தார்கள். கோடு போட்டவளை ஒருவரும் பார்த்ததில்லை, அது வேறு விஷயம்.

சாலை ஓரத்தில் மடக்கு ஸ்டூல், தலைக்கு மேல் குடை, மடியில் கிளிப் வைத்த அட்டை. காலை ஆறிலிருந்து பத்து, மாலை நான்கிலிருந்து எட்டு. டீ குடிக்கும்போதுகூடக் கண் சாலையை விட்டு நகராது. கூட வேலை பார்த்த ஒருவன் டீக்கடை பெஞ்சில் சாய்ந்துகொண்டு மனம் போன போக்கில் எண் போட்டான். மூன்று நாளும் ஒரே எண் வந்ததில் மாட்டிக்கொண்டு வேலையை இழந்தான். அலுவலகமே உச்சுக் கொட்டியபோது இவள் மட்டும் கொட்டவில்லை. “பாக்காம எழுதுறதுக்கு ரோட்டுக்கு எதுக்கு வரணும்? வீட்ல படுத்துக்கிட்டே எழுதலாமே” என்று சொல்லிவிட்டுப் பென்சிலைச் சீவினாள்.

எண்ணுவது அவளுக்கு ரத்தத்தில் ஊறிப்போன விஷயம். ஒரு கல்யாண வீட்டில், நானூறு பேர் சாப்பிட்டார்கள் என்று சமையல்காரர் சொல்லிக்கொண்டிருந்தபோது, பக்கத்தில் நின்ற இவள் வாய் சும்மா இருக்காமல் “முன்னூத்தி எழுபத்தி ரெண்டு” என்று சொல்லிவிட்டாள். பெரிய ரகளை ஆகிவிட்டது. அதிலிருந்து எந்த விசேஷத்துக்குப் போனாலும் அவள் புருஷன் வாசலிலேயே நிறுத்தி, “உள்ள போய் வாயத் திறக்காத” என்று கும்பிட்டுக் கேட்டுக்கொள்வார். அவர் தையல்காரர். வீட்டு முன்னறையில்தான் மெஷின். கல்லூரிக்குப் போகிற மகளோ, “எங்கம்மா படி ஏறும்போதுகூட எண்ணிக்கிட்டே ஏறும்” என்று தோழிகளிடம் சொல்லிச் சிரிப்பாள். அது பொய்யும் இல்லை. வீட்டு மாடிப்படி பதினேழு.

இந்தத் திறமையில் அவளுக்குக் கர்வம் உண்டு. இருக்கட்டுமே, இல்லாத ஒன்றுக்கா கர்வப்பட்டாள்?

குறை ஒன்றே ஒன்று. பத்தொன்பது வருஷமும் அவள் தற்காலிகம். நிரந்தரமாக்கக் கேட்டு எழுதிய மனு, ஒரு மேஜையிலிருந்து அடுத்த மேஜைக்கு ஆமை வேகத்தில் ஊர்ந்து, ஒருவழியாக இந்த வருஷம்தான் ஆணையரின் அறைக்குள் போயிருந்தது. கையெழுத்து ஒன்றுதான் பாக்கி. இந்த நேரம் பார்த்துத்தான் ஆஸ்பத்திரி முனையில் எண்ண வேண்டும் என்று உத்தரவு வந்தது.

ஒரு பக்கம் பெரிய ஆஸ்பத்திரி, எதிர்ப்பக்கம் பஸ் ஸ்டாப், நடுவில் நான்கு பக்கமும் வண்டிகள் பாய்கிற சாலை. எண்ண வருவதற்கு மூன்று வாரம் முன்பு அவளுக்கே கணுக்கால் பிசகி, கட்டுப் போட்டுக்கொள்ள அங்கே போயிருந்தாள். பஸ்ஸை விட்டு இறங்கி ஆஸ்பத்திரி வாசலைத் தொட அவளுக்கு ஏழு நிமிஷம் ஆனது. மூன்று தடவை கால் எடுத்து வைத்து, மூன்று தடவையும் பின்வாங்கினாள். நாலாவது தடவை ஒரு லாரிக்காரன் பிரேக் அடித்து, அவள் பரம்பரையையே திட்டினான். எதிரே போய்ச் சேர்ந்து மூச்சு வாங்கியபோதுதான் அவளுக்குச் சுரீர் என்றது. ஊரில் சக்கரம் வைத்த அத்தனையையும் எண்ணியிருக்கிறாள். காலால் நடக்கிற ஒருவரைக்கூட எண்ணியதில்லை.

எண்ணாததற்குக் காரணம் படிவம். அதில் ஏழு கட்டம்: கார்-வேன், பஸ், லாரி, ஆட்டோ, டூவீலர், சைக்கிள், மற்றவை. கடைசிக் கட்டம் டிராக்டருக்கும் மாட்டு வண்டிக்கும் உரியது. ஊருக்குள் அவை வருவது நின்று வெகுகாலம் ஆகிவிட்டதால் அந்தக் கட்டம் எப்போதும் காலியாகவே கிடக்கும். நடக்கிறவர்களுக்குக் கட்டமே கிடையாது.

அன்று காலை ஸ்டூலை விரித்து உட்கார்ந்தவள், வலது கைப் பென்சிலால் வண்டிகளுக்குக் கோடு போட்டாள். கட்டைவிரலால் அழுத்தினால் எண் ஏறுகிற சின்னக் கருவி ஒன்றை அலுவலகத்தில் கொடுத்திருந்தார்கள். சோம்பேறிகளின் சாமான் என்று பையின் அடியில் போட்டு வைத்திருந்த அதை முதல்முறையாக இடது கையில் எடுத்துக்கொண்டாள். சாலையைக் கடந்த ஒவ்வொரு ஆளுக்கும் ஓர் அழுத்து. ஊன்றுகோல்காரர், வயிற்றைத் தாங்கிப் பிடித்து வந்த கர்ப்பிணி, சாப்பாட்டுக் கூடை தூக்கி வந்தவர், இரவு வேலை முடிந்து கண் சொருக நடந்த நர்ஸ், ஒருவரும் விடுபடவில்லை. எட்டிலிருந்து ஒன்பது வரை மட்டும் ஆயிரத்து அறுநூற்றுப் பன்னிரண்டு பேர். காலியாகக் கிடந்த கடைசிக் கட்டத்தில் அந்த எண்ணை எழுதினாள். பார்க்கிறவர்களுக்குப் புரியாதா என்ற நினைப்பில், படிவத்தின் பின்பக்கம் ஒரு வரி குறிப்பு எழுதாமல் விட்டாள். பத்தொன்பது வருஷத்தில் அவள் செய்த ஒரே பிழை அதுதான்.

இரண்டு மாதம் கழித்து, அலுவலகத்தில் வரைபடம் போடுகிற தம்பி அவளைத் தன் அறைக்குக் கூப்பிட்டான். முப்பத்தைந்து வயதிலேயே வழுக்கை விழுந்தவன், வாய்த்துடுக்கு கொஞ்சம் அதிகம். மேஜை முழுக்க ஆஸ்பத்திரி முனையின் வரைபடம் விரிந்து கிடந்தது.

“அக்கா, ஒரு சந்தேகம். நம்ம ஊருக்குள்ள இவ்ளோ டிராக்டர் எங்கேருந்து வருது?”

“டிராக்டரா? எங்க?”

“ஆஸ்பத்திரி முனைல. காலைல ஒரு மணி நேரத்துக்கு ஆயிரத்து அறுநூத்திப் பன்னண்டு. ரெண்டு செகண்டுக்கு ஒண்ணு. நோயாளியெல்லாம் டிராக்டர்லதான் வர்றாங்களா?”

அவள் வரைபடத்தின் மேல் குனிந்தாள். தம்பி விளக்கிச் சொன்னான். வெளியூர் ஆலோசனை நிறுவனம் ஒன்று எண்களைக் கம்ப்யூட்டரில் ஏற்றியிருக்கிறது. ‘மற்றவை’ என்றால் டிராக்டர், ஒரு டிராக்டர் நான்கு காருக்குச் சமம். அந்தக் கணக்கில் ஆறாயிரத்து நானூற்றுச் சொச்சம் கார் அந்த முனையில் முட்டி மோதுகிறது. எனவே ஆறு வழிச் சாலை வேண்டும். அதற்கு இடம் வேண்டுமே, இரண்டு பக்க நடைபாதையையும் எடுத்துவிட வேண்டும். பஸ் ஸ்டாப்பை முந்நூறு மீட்டர் தள்ளி வைக்க வேண்டும். வரைபடம் தயார், வரும் வெள்ளிக்கிழமை கூட்டத்தில் ஒப்புதல்.

நடக்கிறவர்களுக்கு நல்லது நடக்கட்டும் என்று அவள் எழுதிய எண், அவர்கள் காலடியில் இருந்த நடைபாதைக்கே உலை வைத்துவிட்டது. நடந்ததைச் சொன்னாள். தம்பி தலையில் கை வைத்துக்கொண்டான்.

“வெளிய மூச்சு விடாதீங்கக்கா. உங்க ஃபைல் ஆணையர் மேடம் மேஜைல இருக்கு. தப்பா எண்ணினதா வெளிய தெரிஞ்சா, நிரந்தரம் என்ன, இருக்குற வேலையும் போயிரும்.”

வீட்டுக்கு வந்து, சட்டைக்குக் காலர் தைத்துக்கொண்டிருந்த புருஷனிடம் எல்லாவற்றையும் கொட்டினாள். அவர் மெஷினை நிறுத்தினார்.

“நீ எண்ணினது தப்பா?”

“எண்ணினது சரிங்க. எழுதின எடம் தப்பு.”

“அப்ப அத அப்படியே போய்ச் சொல்லு.”

“வேலை போயிட்டா?”

“பட்டனுக்குக் காஜா எடுக்க எனக்கும் ஆள் வேணும்” என்றார். பிறகு அவள் முகத்தைப் பார்த்துவிட்டு, சிரிப்பை விழுங்கிக்கொண்டு, “சொல்லாம இருந்தா நீ தூங்க மாட்ட. எனக்குத் தெரியாதா?” என்றார்.

வெள்ளிக்கிழமை கூட்ட அறையில் ஆணையர் அம்மா நடுவில், செயற்பொறியாளர் பக்கத்தில், சுற்றிலும் கவுன்சிலர்கள். வெளியூர் ஆலோசகர் சுவரில் படம் காட்டிப் பேசினார். சுவரோரம் நின்ற ஊழியர்களோடு அஞ்சுகோடு அக்காவும் நின்றாள். ‘மெதுவாகச் செல்லும் கனரக வண்டிகள்’ என்று ஆலோசகர் சொன்னபோது அவள் கை தானாக உயர்ந்தது.

“மேடம், அது வண்டி இல்ல.”

ஆணையர் கண்ணாடியைக் கழற்றினார். “பின்ன என்ன?”

“மனுஷங்க.”

அறை கொல்லென்று சிரித்தது. ஒரு கவுன்சிலர், “மனுஷனப் போயா டிராக்டர்னு எழுதினே?” என்றார்.

“டிராக்டர்னு எழுதல சார். மத்தவைன்னு எழுதினேன். நடக்குறவங்களுக்குப் படிவத்துல கட்டம் இல்ல.”

செயற்பொறியாளருக்கு முகம் சிவந்துவிட்டது. “அவங்கள எண்ணச் சொல்லி உங்களுக்கு யார் உத்தரவு போட்டது?”

“யாரும் போடல சார்.”

“அப்புறம் ஏன் எண்ணினீங்க?”

“ரோட்டுல போனாங்க. எண்ணினேன்.”

சிரிப்பு அடங்கிவிட்டது. ஆணையர் மெதுவாகக் கேட்டார்: “அப்ப தப்புன்னு ஒத்துக்கிறீங்க?”

“கட்டம் தப்பு மேடம். குறிப்பு எழுதாதது தப்பு. எண் தப்பில்ல.”

ஆணையர் ஆலோசகர் பக்கம் திரும்பினார். “இந்த ஆயிரத்து அறுநூத்திச் சொச்சம் பேரும் உங்க படத்துல எங்க நடப்பாங்க?” ஆலோசகர் படத்தை மேலும் கீழும் பார்த்தார். நடக்க இடம் இருந்தால்தானே காட்டுவார்? அந்த எண்ணை நம்ப முடியாது, மறுபடி எண்ண வேண்டும் என்றார் கடைசியில். “எண்ணலாம். செவ்வாய்க்கிழமை காலைல எட்டு மணிக்கு நாம எல்லாருமே போய் எண்ணலாம்” என்றார் ஆணையர்.

அந்தச் செவ்வாய்க்கிழமையை அந்த ஊர் மறக்காது. ஆஸ்பத்திரி முனையில் வரிசையாக நாலு ஸ்டூல். ஆணையர், செயற்பொறியாளர், ஆலோசகர், ஓரத்தில் அஞ்சுகோடு அக்கா. எதிரே கம்பத்தில் கேமரா. பத்து நிமிஷத்தில் ஆலோசகர் எழுந்து நின்றுவிட்டார், உட்கார்ந்தால் தெரியவில்லையாம். செயற்பொறியாளருக்கு நடுவில் போன் வந்தது. இவள் மட்டும் குடைக்குக் கீழே அசையாமல், கட்டைவிரலை மட்டும் அசைத்துக்கொண்டிருந்தாள். அந்த ஒரு மணி நேரத்தில் இரண்டு முறை டயர் கிறீச்சிட்டது. இரண்டாவது முறை, கையில் எக்ஸ்ரே உறையோடு கடந்த ஒரு பெரியவருக்கும் வேனுக்கும் நடுவில் ஒரு சாண் இடைவெளிதான் இருந்தது. ஆணையர் தன்னை அறியாமல் ஸ்டூலை விட்டு எழுந்துவிட்டார். அதன்பிறகு அவர் எண்ணவே இல்லை.

ஒன்பது மணிக்குத் தாள்களை ஒப்பிட்டார்கள். ஆலோசகர் ஆயிரத்து நூற்றுத் தொண்ணூறு. செயற்பொறியாளர் ஆயிரத்து முந்நூற்று இரண்டு. இவள் ஆயிரத்து ஐந்நூற்று எழுபத்து நான்கு. பிறகு இரண்டு நாள் உட்கார்ந்து கேமராப் படத்தைப் பார்த்து எண்ணியவர்கள் சொன்னது, ஆயிரத்து ஐந்நூற்று எண்பத்தைந்து. “பதினொண்ணு விட்டுட்டீங்களே” என்று செயற்பொறியாளர் கொஞ்சம் சந்தோஷமாகவே கேட்டார்.

“விடல சார். அந்தப் பதினொண்ணும் இடுப்புல இருந்த குழந்தைங்க. அதுங்க நடக்கலையே.”

மறுபடி படத்தை ஓட்டிப் பார்த்தார்கள். பதினொன்றும் இடுப்பில்தான் இருந்தன. வரைபடம் போடுகிற தம்பி மேஜையைத் தட்டித் தட்டிச் சிரித்தான். அன்று முழுக்க அவள் அலுவலகத்தில் நடந்த நடையைப் பார்த்திருக்க வேண்டும்!

ஆறு வழிச் சாலை கைவிடப்பட்டது. நடைபாதை இரண்டு பக்கமும் ஒன்றரை மீட்டர் அகலமானது. ஆஸ்பத்திரி வாசலுக்கும் பஸ் ஸ்டாப்புக்கும் நேராக, சாலையை விட நாலு விரல் உயரமாகக் கடக்கும் பாதை வந்தது. ஊன்றுகோல்காரர்கள் கடக்க எவ்வளவு நேரம் ஆகிறது என்று அவளே கடிகாரம் வைத்துப் பார்த்துச் சொன்ன இருபத்திரண்டு செகண்ட், அங்கே புதிதாக வைத்த சிக்னலில் அப்படியே ஏறியது. படிவத்தில் எட்டாவது கட்டம் அச்சானது.

ஆனாலும் அலுவலகம் அலுவலகம்தானே. தவறான கட்டத்தில் எழுதியது ஏன் என்று விளக்கம் கேட்டு அவளுக்கு மெமோ வந்தது. பணிந்து, குனிந்து, கருணை கேட்டு இரண்டு பக்கம் எழுதச் சொன்னான் தம்பி. அவள் எழுதியது இரண்டே வரி: “தவறு என்னுடையது. எண்ணிக்கையும் என்னுடையது.”

ஒரு மாதம் எந்தச் சத்தமும் இல்லை. பிறகு ஒரே நாளில் இரண்டு உறை வந்தது. ஒன்று, பணி நிரந்தர ஆணை. இன்னொன்று, எச்சரிக்கைக் கடிதம். ‘மருத்துவமனைச் சந்திப்பில் காலை 8 முதல் 9 வரை சாலையைக் கடந்த 1,612 பாதசாரிகளை, குறிப்பு ஏதுமின்றி “மற்றவை” எனப் பதிவு செய்தமைக்காகத் தாங்கள் எச்சரிக்கப்படுகிறீர்கள்.’ கீழே ஆணையரின் கையெழுத்து, நகராட்சி முத்திரை.

முன்னறையில் நின்று அதை இரண்டு தடவை சத்தமாகப் படித்தாள். பிறகு ஆணையைப் பீரோவில் வைத்துவிட்டு, எச்சரிக்கைக் கடிதத்தைச் சட்டம் போட்டு வாங்கி வந்து புருஷனிடம் நீட்டினாள்.

தையல்காரர் வாயைப் பிளந்தார். “திட்டின லெட்டர யாராச்சும் சுவத்துல மாட்டுவாங்களா? அந்த நிரந்தர ஆர்டர மாட்டும்மா, நாலு பேர் பாக்கட்டும்.”

“அது காத்துக்கிட்டு கெடந்தா யாருக்கும் வரும்ங்க” என்றாள். “அந்த ஆயிரத்து அறுநூத்திப் பன்னண்டு பேரும் நடந்தாங்கன்னு நகராட்சி முத்திரை போட்டு ஒத்துக்கிட்ட காகிதம் இது ஒண்ணுதான்.”

அவர் சுத்தியலை எடுத்துக்கொண்டு ஸ்டூல் மேல் ஏறினார்.