படத்துக்குக் கட்டிய தலைப்பாகை

தனசேகரனுக்குக் கடைசிவரை தீராத நோய் ஒன்று இருந்தது: பங்காளிக் காய்ச்சல். சித்தப்பா மகன் ரங்கன் மாடி கட்டினால் இவருக்குச் சோறு இறங்காது. ரங்கனின் புளியமரம் கூடுதலாய்க் காய்த்தால் தன் மரத்தை முறைப்பார். ஒரே ஆறுதல், பெரியப்பா இறந்து காலியான நாட்டாண்மை தனக்குத்தான் என்பது. ஆடித் திருவிழாவில் தலைப்பாகை ஏற வேண்டியதுதான் பாக்கி.

அதற்குள் ஜமுனாமரத்தூருக்குப் படக்காரர்கள் வந்தார்கள். பெரிய மனிதனாகத் துடிக்கும் வியாபாரி ஒருவனைப் போலிப் பட்டம் கட்டி ஏமாற்றும் பழைய பிரெஞ்சு நாடகத்தை மலைக்கதையாக மாற்றியிருந்தார்கள். வியாபாரி வேடத்துக்கு உள்ளூர் முகம் தேடினார்கள். தனசேகரன் சலவைச் சட்டையோடு போய் நின்றார். சாமை அடித்த தூசியோடு வேடிக்கை பார்த்த ரங்கனை எடுத்துக்கொண்டார்கள்.

“அவர் நடிச்சா நடிக்கட்டுமே, நீ ஏன் இப்டி வேகற?” என்றாள் மனைவி சசிகலா.

“அவனுக்குப் பட்டமா? பொய்யாக்கூடக் கட்டக் கூடாது.”

பட்டம் கட்டும் காட்சியன்று கூட்டத்தில் நின்றவருக்குப் பொறுக்கவில்லை. படத்திலும் பூசாரியாகவே நின்ற ஊர்ப் பூசாரி லட்சுமணன் ஒரு ஜிகினாத் துணியை ரங்கன் தலையில் ஏனோதானோவென்று சுற்றிக்கொண்டிருந்தார்.

“இன்னாய்யா கட்டு இது? வாழத்தாருக்குச் சாக்கு சுத்தற மாதிரி!”

“அப்ப நீங்களே கட்டுங்கய்யா” என்றார் இயக்குநர்.

தனசேகரனுக்கு உச்சி குளிர்ந்தது. வீட்டுக்கு ஓடிப் பெரியப்பாவின் தலைப்பாகையையே கொண்டுவந்தார். அம்மன் குங்குமம் வைக்கச் சொன்னார், மேளத்தை முறைப்படி கொட்டச் சொன்னார், தன் கையாலேயே கட்டினார்.

ஆடியில் ஊர் கூடியது. தலைப்பாகைக்காகக் குனிந்தார் தனசேகரன். லட்சுமணன் அசையவில்லை.

“அம்மன் குங்குமம் வெச்சு, மேளம் கொட்டி, முறைப்படி பங்காளி கையால ரங்கனுக்குக் கட்டியாச்சுங்களே. அவர் இருக்கசொல்ல இன்னொரு தலைக்கு எப்டி கட்றது?”

“யோவ், அது சினிமாய்யா!”

“கேமராதானுங்க சினிமா. குங்குமம் அம்மனோடது.”

“முடிச்சு அவுறக் கூடாதுன்னு நீதானேண்ணா இறுக்கிக் கட்டுன!” என்று தங்கை முறையான மாதம்மாள் சொல்ல, கூட்டம் சிரித்தது.

ரங்கன் கூச்சத்தோடு எழுந்தார். “அண்ணனுக்கே கட்டிடுங்க.”

அதுதான் தனசேகரனைச் சுட்டது.

“நீ குடுத்து நான் வாங்கிக்கணுமா?” என்று துண்டை உதறிக்கொண்டு போய்விட்டார்.

படம் செங்கத்துக்கு வந்தபோது தனியாகப் போய்ப் பார்த்தார். திரை முழுக்க ரங்கன்தான். தலைப்பாகை கட்டும் இரண்டு கைகள் மட்டும் இவருடையவை.

“எப்டி இருந்துச்சு?” என்று கேட்டாள் சசிகலா.

“படம் ஒண்ணும் சரியில்ல. கட்டு மட்டும் நல்லாருந்துச்சு.”